தொண்டியிலிருந்து மண்டபம்: எத்தனை மணிக்கு நங்கூரம் தூக்குவது?

கேள்வி: 3 பிப்ரவரி 2025

அண்ணே, 24 அடி ஃபைபர் படகு. 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு, டூ-ஸ்ட்ரோக். மீன்பிடிக்கப் போகவில்லை. கரையை ஒட்டியே தொண்டியிலிருந்து மண்டபம் வரை மூன்று பேர் போய்வரத் திட்டம். யாரைக் கேட்டாலும் "விடியுமுன்னே கிளம்பிடு" என்கிறார்கள். அது பாய் கட்டி ஓடின காலத்துப் பேச்சு என்பது என் எண்ணம். இப்போது இஞ்சின் இருக்கு, போனில் ஜிபிஎஸ் இருக்கு. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் என்ன கெட்டுவிடும்?

3 பிப்ரவரி, இரவு

ஒன்பது வேண்டாம். நாலரைக்குக் கிளம்புங்கள்.

பாக் நீரிணைக் கடல் ஆழமில்லாதது. பெரும்பகுதி ஏழு பாகத்துக்குள் அடங்கிவிடும், ஒரு பாகம் சுமார் ஆறடி. ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலை உயரமாக வராது, நெருக்கமாக வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில் (படகின் முன்பகுதியில்) மோதும். 24 அடிப் படகின் நீளத்துக்கு அந்த இடைவெளி சரியாகப் பொருந்தி வருவதுதான் கொடுமை. ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு வாளித் தண்ணீர் முகத்தில்.

பிப்ரவரியில் விடியுமுன் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வரும். அப்போது கரையோரம் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். எட்டரை, ஒன்பதுக்கு அது ஓய்ந்துவிடும். பத்துக்கு மேல் கொண்டல் (கிழக்குக் காற்று) எழும்பும். மிச்சமிருக்கும் வாடையும் (வடகிழக்குக் காற்று) அதோடு சேர்ந்துகொண்டால் பகல் ஒரு மணிக்குக் கடல் முழுக்க நுரை பூத்துக் கிடக்கும்.

இப்போது உங்கள் வழியைப் பாருங்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் சுமார் 17 கடல்மைல். அங்கிருந்து மண்டபம் ஏறக்குறைய அதே தூரம். முதல் பாதி தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து போகிறது. இரண்டாம் பாதியில் திரும்பித் தென்கிழக்கே போக வேண்டும். ஒன்பதுக்குக் கிளம்பினால் 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்) வேகத்தில் தேவிபட்டினத்தைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு. அதாவது காற்று ஏறும் நேரத்தில் காற்றை நோக்கித் திரும்புகிறீர்கள். நாலரைக்குக் கிளம்பினால் அந்தத் திருப்பத்தில் மணி ஏழரை, பத்தரைக்குள் மண்டபம். ஒரே தூரம், ஒரே படகு. வித்தியாசமெல்லாம் கிளம்பும் நேரத்தில்தான்.

நேராக வெட்டிப் போனால் 28 கடல்மைல்தானே என்று தோன்றும். அந்தக் கோடு நடுவழியில் கரையைவிட்டுப் பத்து கடல்மைல் தள்ளிப் போகிறது. ஒற்றை இஞ்சின் படகுக்கு அது வேண்டாம்.

4 பிப்ரவரி

பெட்ரோல் கணக்கு. 9.9 டூ-ஸ்ட்ரோக் முக்கால் திராட்டிலில் மணிக்கு 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இஞ்சினுக்கு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு மணிநேரம் ஓட்டி அளந்துவிடுவதே நல்லது. 35 கடல்மைல், 6 நாட், ஆறு மணிநேரம், 21 லிட்டர். அதோடு பாதி சேர்த்து 32 லிட்டர் ஏற்றுங்கள். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 32 லிட்டருக்கு 640 மில்லி எண்ணெய்.

இரண்டாம் பாதியின் எதிர்க்காற்றில் வேகம் 6-லிருந்து 3-க்கு விழும். இஞ்சின் குடிப்பது குறையாது. அந்த ஆறு மணிநேரக் கணக்கு ஒன்பது மணிநேரமாகும், கையிருப்பு அங்கேயே காலி.

எண்ணெய் டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டதாக இருக்கட்டும். பைக்குக்கு ஊற்றுகிற 2டி எண்ணெய் காற்றால் குளிரும், சூடு அதிகமான இஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் அவுட்போர்டில் அது பிளக்கிலும் பிஸ்டன் வளையத்திலும் கரி படியவிடும்.

4 பிப்ரவரி, பின்னிரவு

மண்ணெண்ணெய் மாடலா என்று சொல்லவில்லை. அப்படியானால் கலவைக் கணக்கு வேறு, கையேட்டைப் பாருங்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்த இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு. கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் கயிறு இழுத்துத் தோள்பட்டை போய்விடும்.

6 பிப்ரவரி

"இஞ்சின் கரையில் நன்றாக ஓடுகிறது, அலையில் போனால் நிற்கிறது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதுவும் அந்த ஒன்பது மணிக் கேள்விக்குள் அடங்குவதுதான்.

கேனின் அடியில் தண்ணீரும் துருவும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கடல் அமைதியாக இருக்கும்வரை அது அடியிலேயே கிடக்கும், உறிஞ்சு குழாய் அதற்கு மேலிருந்து எடுக்கும். படகு குதிக்க ஆரம்பித்ததும் எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும். தண்ணீர் கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் இறங்கும், ஜெட் அடைக்கும், இஞ்சின் இருமி நிற்கும். நிற்கக்கூடாத நேரத்திலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான், ராசியெல்லாம் கிடையாது.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் பாதிக் கேனைத் திறந்து திறந்து மூடினால் சீக்கிரம் நிறைந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் போனதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். அதை உலுக்கினாலும் பெட்ரோலோடு திரும்பச் சேராது.

செய்ய வேண்டியது: கேனை நிரப்பியே வையுங்கள், பாதியாக விடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் நின்றதைப் படகில் ஏற்றாதீர்கள், பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். கேனுக்கும் இஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக. கண்ணாடியில் கோடு தெரிந்தால் திருகைத் திறந்து வடித்துவிடலாம். மாற்று ஃபில்டர் ஒன்று, கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பு ஒன்று, குழாய்க் கிளிப் நாலு படகில் இருக்கட்டும். பல்பு எத்தனாலில் ஊறி உள்ளே உரிந்து அந்தத் தோலே அடைப்பாகும். அமுக்கினால் மெதுமெதுவென்று இருந்து கெட்டிப்படவில்லை என்றால் பல்பை மாற்றும் நேரம்.

11 பிப்ரவரி

நங்கூரம். பாக் நீரிணையில் சேறு நன்றாகப் பிடிக்கும். கடற்புல் பிடிக்காது. புல்மெத்தை மேல் நங்கூரம் படுத்துக்கொண்டு இழுபடும், கைக்குப் பிடித்த மாதிரியே இருக்கும், காற்று ஏறியதும் அவிழும். தண்ணீர் தெளிவான இடத்தில் கறுப்புத் திட்டு புல், வெளிறின திட்டு மணல். வெளிறினதில் போடுங்கள். வேரோடு புல்லைப் பிடுங்காமலும் இருக்கும். கடல்பசு மேய்வது இந்தப் புல்லில்தான்.

24 அடிக்கு 7, 8 கிலோ நங்கூரம். அதோடு 8 மில்லி சங்கிலி 5 மீட்டர், பிறகு 12 மில்லி நைலான் கயிறு 40 மீட்டர். பச்சை, நீலக் கயிறு மலிவு என்று வாங்காதீர்கள். அது மிதக்கும், சொந்தப் புரொப்பெல்லரிலேயே சுற்றும், இழுவைக்கு நீளவும் செய்யாது. நைலான் மூழ்கும், நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

விடும் நீளம் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு. மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து மீட்டர்.

12 பிப்ரவரி

நேற்றுப் போட்ட கணக்கு போதாது. திருத்திக்கொள்ளுங்கள்.

ஆழம் என்றால் தண்ணீரின் ஆழம் மட்டுமில்லை. கயிறு கட்டியிருக்கும் அணியத்தின் உயரத்தையும் சேர்க்க வேண்டும், சுமார் 0.7 மீட்டர். ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஏற்ற வற்றம் பெரிதில்லை என்பார்கள். ஆனாலும் இன்று பௌர்ணமி. இந்த மாதிரி நாளில் அரை மீட்டருக்கு மேல் இருக்கும், 0.6 என்று வையுங்கள். 3 + 0.7 + 0.6 = 4.3. ஐந்து மடங்கு 21.5 மீட்டர். இரவு தங்கினால் ஏழு மடங்கு, 30 மீட்டர். நேற்றுச் சொன்ன 15 மீட்டரை நம்பி யாரும் படுத்துத் தூங்க வேண்டாம்.

அந்த அரை மீட்டருக்கு இன்னொரு முகமும் உண்டு. தேவிபட்டினம் பக்கம் கரை அவ்வளவு தட்டை. அரை மீட்டர் வற்றினால் தண்ணீர் நெடுந்தூரம் பின்வாங்கும். இரவு முழங்காலளவில் நிறுத்திய படகு காலையில் சேற்றில் சாய்ந்திருக்கும், அடுத்த ஏற்றம்வரை அசையாது. நாலரைப் புறப்பாடு அதோடு போச்சு. கிளம்பும் நேரத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

ஆழம் பார்க்கக் கருவி வேண்டாம். பத்தடி மூங்கில் கழி, அடிக்கொரு சிவப்புக் கோடு. நுனியில் ஒட்டி வருவது சேறா மணலா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

13 பிப்ரவரி

பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) சிக்கின நங்கூரத்தை எடுப்பது எப்படி என்று கேட்டவருக்கு: சங்கிலியை வளையத்தில் கட்டாதீர்கள். நங்கூரத்தின் அடியில், கொக்கிகள் சேரும் இடத்தில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய சணலால் இரண்டு சுற்று கட்டுங்கள். சாதாரண இழுவைக்குச் சணல் தாங்கும். சிக்கினால் நேர் மேலே வந்து ஓங்கி இழுத்தால் சணல் அறும், நங்கூரம் பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும். வல்லக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. ஆனால் இரவு தங்க இந்தக் கட்டு வேண்டாம். படகு சுழன்று சணல் அறுந்தால் நங்கூரம் தானே கழன்றுவிடும்.

மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப் பார் மேல் நங்கூரமே கூடாது. அது தேசியப் பூங்கா, 1986-லிருந்து. 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் இறங்கவும் கூடாது.

20 பிப்ரவரி

வலைகள். இந்தக் கரையில் அதிகம் நேரம் தின்பது இதுதான், கோபப்பட ஒன்றுமில்லை. கடல் அவர்களுக்கு வயல், நாம் வரப்பில் நடக்கிறவர்கள்.

இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். நண்டு வலை அடியில் கிடக்கும், இரண்டு முனையிலும் கொடியோ தெர்மோகோல் மிதவையோ பிளாஸ்டிக் புட்டியோ நிற்கும். நடுவில் மேலே ஒன்றும் இருக்காது. ஓரளவு ஆழமிருந்தால் இரண்டு கொடிக்கும் நட்டநடுவே மெதுவாகக் கடக்கலாம். வழிவலை மேலே மிதக்கும், மிதவைகள் வரிசையாகத் தெரியும், தண்ணீரோடு நகரும். அதைக் கடக்கவே முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். முனையில் படகோ விளக்கோ இருக்கும், அந்தப் பக்கமாக. இரவில் மினுக்கும் சின்ன விளக்கைப் பார்த்தால் அதன் ஜோடி எங்கே என்று தேடாமல் முன்னே போகாதீர்கள்.

ஒற்றை மிதவையைக் கடக்கும்போது நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மிதவையிலிருந்து கயிறு நீரோட்டம் வரும் திசையில் சாய்ந்து கீழே இறங்கும். ஆகவே நீரோட்டம் போகும் பக்கமாகக் கடந்தால் கயிறு இருக்காது.

21 பிப்ரவரி

மேலே எழுதியது பாதிதான் சரி. பல மிதவைக்கு வால் உண்டு. பெரிய மிதவையிலிருந்து இரண்டு மூன்று பாகக் கயிறு, அதன் நுனியில் சின்னப் புட்டி, தூக்கும்போது கொக்கிபோட்டுப் பிடிக்க. அந்த வால் நீரோட்டம் போகும் பக்கம்தான் மிதந்து கிடக்கும், நான் கடக்கச் சொன்ன அதே பக்கம். அதுவும் மிதக்கும் கயிறு.

ஆகவே: முதலில் வால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் கடைசிப் புட்டியையும் தாண்டி, நாலைந்து பாகம் தள்ளிக் கடங்கள். நிச்சயமில்லை என்றால் நியூட்ரல், இஞ்சினைத் தூக்கிவிட்டு ஓடின வேகத்திலேயே மிதந்து கடப்பது. இதற்கும் காலை நேரமே உதவும். தட்டையான தண்ணீரில் தூரத்திலேயே புட்டி தெரியும். நுரை பூத்த கடலில் வெள்ளைத் தெர்மோகோலை எங்கே தேடுவது?

2 மார்ச்

வலை புரொப்பெல்லரில் சுற்றிவிட்டது என்றால் செய்ய வேண்டிய வரிசை இது. இதை மாற்றாதீர்கள்.

இஞ்சினை நிறுத்தி, கையில் மாட்டும் சிவப்புக் கயிற்றுக் கிளிப்பை உருவுங்கள். நங்கூரம் போடுங்கள். இது முக்கியம், இல்லாவிட்டால் படகு நகர்ந்து மிச்ச வலை மேலேயே போகும். பிறகு நியூட்ரல், இஞ்சினைத் தூக்கிப் பூட்டுங்கள். எந்தப் பக்கம் சுற்றியதோ அதற்கு எதிராகப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி உருவிப் பாருங்கள். பாதிக்கு மேல் இப்படியே வந்துவிடும். வராததை மட்டும், பல் வைத்த கத்தியால், முடிந்த அளவு குறைவாக வெட்டுங்கள். வெட்டிய வலையின் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு, கரையேறியதும் வலைக்காரரைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். அடுத்த முறை அந்த ஊர்க் கரையில் இறங்கும்போது நமக்குத் தண்ணீர் கொடுப்பதும் அவர்கள்தான்.

வேலை அங்கே முடியவில்லை. தங்கூசி நரம்பு (வலையின் நைலான் இழை) புரொப்பெல்லருக்குப் பின்னால், வாஷருக்கும் சீலுக்கும் நடுவில் புகுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓட ஓட அது சீலை அறுக்கும், கடல்நீர் கியர்ப் பெட்டிக்குள் இறங்கும். கரையில் ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை உருவி, தண்டைச் சுற்றி ஊக்கால் கிளறி எடுங்கள். தண்டில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஸ்ப்ளிட் பின் புதிதாக, துருப்பிடிக்காத ஸ்டீலில்.

மறுநாள் கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டு பாருங்கள். எண்ணெய் நிறத்திலேயே வந்தால் சரி. பால் கலந்த காப்பிபோல் வந்தால் சீல் போய்விட்டது. புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள், மேல் துளையில் வழிகிறவரை. மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கும், நிறைந்த மாதிரி தெரியும், நிறைந்திருக்காது. மூடும்போது முதலில் மேல் திருகு, பிறகு கீழ்த் திருகு.

3 மார்ச்

"இஞ்சின் இரைகிறது, படகு போகவில்லை, வலையும் இல்லை" என்பவருக்கு: புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் நழுவுகிறது. மிக மெதுவான ஓட்டத்தில் அது பிடிக்கும். அப்படியே கரைக்கு வாருங்கள். சின்ன இஞ்சினில் ரப்பருக்குப் பதில் ஷியர் பின் இருக்கும், அது உடைந்திருக்கும். மாற்றுப் பின் இரண்டு வையுங்கள். ஆணியை வெட்டிப் போடாதீர்கள். உடைய வேண்டிய நேரத்தில் ஆணி உடையாது, கியர் உடையும்.

16 மார்ச்

இஞ்சினின் பின்பக்கம் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும், அதில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். நூல்மாதிரி இளைத்தாலோ நின்றாலோ உடனே வேகத்தைக் குறையுங்கள். இந்தக் கடலில் முதல் சந்தேகம் கடற்புல். இஞ்சினின் காலில் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில்) உள்ள சல்லடை வாயில் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து வினாடி ரிவர்ஸ் போட்டால் பெரும்பாலும் உதறிக்கொண்டு போகும். போகாவிட்டால் நிறுத்தித் தூக்கி, கையால் உருவுங்கள். அடுத்த சந்தேகம் தாரை வரும் துளையே உப்பால் அடைத்திருப்பது. கெட்டியான தங்கூசித் துண்டை விட்டுக் குத்தினால் திறக்கும். வீட்டில் நிறுத்திய இஞ்சினானால் குளவி கூடு கட்டியிருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர், இஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்றும் சின்னச் சக்கரம். அது ரப்பர். தண்ணீரில்லாமல் அரை நிமிடம் ஓடினாலே கருகும். ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள், நன்றாக இருந்தாலும். ரப்பர் இறகு ஒன்று உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மேலே போய் இன்னோர் இடத்தை அடைக்கும். பயணம் முடிந்ததும் பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து, இஞ்சினின் காலை அதில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

29 மார்ச், அமாவாசை

தொல்லைகளையே எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்றைய இரவைப் பற்றியும் எழுத வேண்டும்.

நிலா இல்லாத இரவில் நங்கூரம் போட்டு இஞ்சினை நிறுத்தியதும் முதல் ஐந்து நிமிடம் காது இரைந்துகொண்டே இருக்கும். பிறகு படகின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தால் விரலிடுக்கில் நீலப் பொறி பறக்கும் இரவுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள், சீண்டினால் ஒளிர்கின்றன. நங்கூரக் கயிறு எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதே ஒளிக்கோடாகத் தெரியும். கோடு செங்குத்தாக இருந்தால் கயிறு தளர்வு. ரொம்பச் சாய்ந்து அதிர்ந்தால் இழுபடுகிறது. டார்ச் அடிக்காமலே பார்த்துக்கொள்ளலாம்.

பின்னிரவில் கரைக்காற்று திரும்புவது மூக்குக்குத்தான் முதலில் தெரியும். அதுவரை உப்பும் மீனும். திடீரென்று வேலிக்கருவைக் கரிமூட்டத்தின் புகை வாசனை, அதோடு ஈரமண். அந்த வாசனை வந்தால் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கலாம், அரை மணியில் நங்கூரம் தூக்கலாம். கடிகாரம் வேண்டியதில்லை.

30 மார்ச்

அடுப்பு எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். இரும்பு வாளியில் முக்கால்வாசி மணல், அதன் மேல் சின்ன கேஸ் அடுப்பு, வாளியை நடுப்பலகையோடு கட்டிவிடுங்கள். பெட்ரோல் கேன் அமரத்தில் (படகின் பின்பகுதியில்), அடுப்பு அணியத்துப் பக்கம். கேன் மூடியைத் திறந்திருக்கும்போது அடுப்பு இல்லை, அடுப்பு எரியும்போது கேன் இல்லை. நங்கூரத்தில் அணியம் காற்றைப் பார்த்து நிற்கும், அதனால் அணியத்தில் பற்றும் தீ பின்னால் கேனை நோக்கி வரும் என்பதை மறக்க வேண்டாம். அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு கட்டாயம். ஓடும்போது சமையல் கிடையாது.

குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், ஒரே கேனில் வேண்டாம், பல புட்டிகளாக. சாப்பாடு முதல் நாளுக்குப் புளிச்சோறு, விடியலுக்கு நீராகாரம், சின்ன வெங்காயம். வெயிலில் பிஸ்கட்டைவிட அது நிற்கும்.

8 ஏப்ரல்

பாம்பன் புதுப் பாலம் 6-ஆம் தேதி திறந்தாயிற்று. நடுத்தூக்கு 72.5 மீட்டர் நீளம், செங்குத்தாக 17 மீட்டர் உயரும். 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளாக விரிந்தது. உங்கள் அளவுப் படகுக்குத் தூக்க வேண்டியதே இல்லை, கீழே போய்விடலாம். பாய்மரம் வைத்திருந்தால் மட்டும் இறக்கிப் படுக்கவையுங்கள்.

அங்கே கவனிக்க வேண்டியது நீரோட்டம். வாடைக் காலத்தில் வடகடலிலிருந்து (பாக் நீரிணை) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா), கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே. குறுகின வாயில் பிதுங்கிப் பாயும், இரண்டு பக்கமும் பாறை. எதிர்த்துப் போகும்போது இஞ்சின் நின்றால் பாறைக்கும் நமக்கும் இடையே சில வினாடிதான். நுழையுமுன் கேன் அளவைப் பாருங்கள், நங்கூரத்தைக் கையெட்டும் இடத்தில் அவிழ்த்து வையுங்கள், ஒருவர் அணியத்தில். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருந்தால் அந்த வாயில் தண்ணீர் கொதிக்கும். தணியும்வரை காத்திருங்கள்.

16 ஏப்ரல்

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, வலைகள் இருக்கும், அலட்சியம் வேண்டாம். ஆனால் இரவில் பெரிய படகு இடிக்குமோ என்ற பயம் குறைவு. வெயில் ஒன்றைத் தாங்கினால் இதுதான் நல்ல காலம். தொண்டிக்கு வடக்கே போகிறவர்கள், புதுக்கோட்டை, தஞ்சைக் கரையை ஒட்டி 2022-இல் அறிவித்த கடல்பசுப் பாதுகாப்பகத்தில் புல்மெத்தை மேல் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். மூச்சுவிட மேலே வரும், முதுகு மட்டும் தெரியும்.

19 ஜூன்

பிப்ரவரியில் எழுதிய நேரத்தை இப்போது அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இது கச்சான் காலம். காற்று கரையிலிருந்து கடலுக்கு. தொண்டிக் கரையோரம் தண்ணீர் குளம்போல் கிடக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆபத்து அதில்தான். இஞ்சின் நின்றால் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது, எல்லைக் கோட்டுப் பக்கம் தள்ளும். தூரம் போகப்போக அலையும் பெருகும்.

ஆகவே: இஞ்சின் நின்ற அடுத்த வினாடி நங்கூரம், அப்புறம்தான் பிளக், பெட்ரோல், எல்லாம். ஆழம் குறைந்த கடல் என்பது இங்கே நமக்குத் துணை. 40 மீட்டர் கயிற்றோடு இன்னொரு 40 மீட்டரைச் சுருட்டி வைத்திருந்தால் பெரும்பாலான இடத்தில் பிடிக்கும். இந்த மாதங்களில் கரையிலிருந்து ஒரு கடல்மைலுக்கு மேல் விலகாதீர்கள். மண்டபத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில், இப்போது சின்னப் படகுக்கு வேலையில்லை.

கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் படகின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் நனைந்த அன்று எண்ணும் போகும்.

22 ஜூன்

போன் பற்றி. ஈர விரலுக்குத் திரை கேட்காது, வெயிலில் சூடாகி அணைந்துவிடும். ஒளிவுமறைவில்லாத பெரிய அடையாளங்களை ஜோடி சேர்த்துப் பழகுங்கள்: கோபுரம் ஒன்று, அதற்குப் பின்னால் செல்போன் டவர் ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் நீங்கள் எந்தக் கோட்டில் நிற்கிறீர்கள் என்பது தெரியும். வேறு பக்கம் இன்னொரு ஜோடி, இரண்டு கோடும் வெட்டும் இடம் உங்கள் இடம். குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள்.

24 அக்டோபர்

வாடை பிடித்துவிட்டது. இனி தைவரை வடகடலை விட்டுவிடுங்கள், தொண்டிக் கரை காற்றை நேராக வாங்கும். தென்கடல் பக்கம், தீவு மறைவில், தணிந்த நாட்கள் கிடைக்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று கிளம்புமுன் விசாரியுங்கள். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் தாழ்வு உருவாகியிருக்கிறது, மூன்று என்றால் இந்தத் துறையிலேயே பலத்த காற்று அடிக்கலாம். ஒன்றுக்கே படகைக் கரையேற்றிவிடலாம்.

26 அக்டோபர்

முதலில் கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "மண்டபத்திலிருந்து திரும்பும்போது காற்று பின்னாலிருந்துதானே வரும், அப்போதாவது மதியம் கிளம்பலாமா?"

பிப்ரவரி, மார்ச்சில் மண்டபத்திலிருந்து தேவிபட்டினம்வரை பின்காற்றுதான், சுகமாக இருக்கும். ஆனால் பின்னலை அமரத்தைத் தூக்கும்போது புரொப்பெல்லர் காற்றில் சுழன்று இஞ்சின் அலறும், ஒவ்வொரு முறையும் திராட்டிலைக் குறைக்க வேண்டும். தேவிபட்டினத்தில் வடக்கே திரும்பியதும் அதே அலை வலது விலாவில் அடிக்கும், 17 கடல்மைல். அங்கே இருட்டும், வலைப் புட்டி தெரியாது. மதியம் கிளம்பினால் தேவிபட்டினத்தோடு நிறுத்தி, வெளிச்சத்திலேயே நங்கூரம் போட்டுவிடுங்கள். மீதியை விடியலில் ஓடுங்கள்.